மாஸ்டர் பஸ் எஃபெக்டோடு எக்ஸ்போர்ட்: எங்கே இடறியது? அனுபவம் பகிருங்கள்

சுருதிப்பெட்டி

மாஸ்டரிங்குக்கு (மிக்ஸ் முடிந்த பாட்டுக்கு வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகு) வந்த ஒரு பாட்டு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டீரியோ மிக்ஸ் ஒன்று, அதே பாட்டின் ஸ்டெம் (ட்ரம்ஸ், குரல் என்று தனித்தனியாக எடுத்த பைல்) ஆறு. ஆறையும் ஃபேடர் ஜீரோவில் அடுக்கி, மிக்ஸின் போலாரிட்டியைத் திருப்பி (அலையை மேல்கீழாக்கி) சேர்த்து ஓடவிட்டால் எதுவுமே கேட்கக் கூடாது. தொடக்க இசை முழுக்க மௌனம்தான். பல்லவியில் ட்ரம்ஸ் நுழைந்ததும், கிக் விழும் இடமெல்லாம் பேட் (பின்னணியில் நீளமாக ஒலிக்கும் சிந்த்) சத்தம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. கிக் இல்லாத இடத்தில் மறைந்துவிடுகிறது. அந்தத் தாளத்தில் பேட் வாசிக்கப்படவே இல்லை.

மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் கடைசியில் சேரும் சேனல்) 4:1 கம்ப்ரஸர், சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் இறக்குவது. முழு மிக்ஸும் ஓடும்போது கிக் விழுந்தால் எல்லாமே சேர்ந்து 3 டிபி இறங்கும். பேடை மட்டும் சோலோ போட்டு எடுத்தால் அந்த அளவை, அதாவது த்ரெஷோல்டை, தொடவே தொடாது, ஆக பேட் ஸ்டெம் அந்த இடங்களில் 3 டிபி கூடுதலாக வந்திருக்கிறது. ட்ரம்ஸ் தனக்கு வேண்டிய கம்ப்ரஷனை வாங்கியிருக்கிறது, குரல் அதற்கு எட்டிய அளவு. இப்படி ஆளுக்கொரு கம்ப்ரஷனோடு வந்த ஸ்டெம்களைக் கூட்டினால் பழைய மிக்ஸ் எப்படிக் கிடைக்கும்? மாஸ்டரில் சாதாரண ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது) மட்டும் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. தனித்தனியாக ஈக்யூ போட்டுக் கூட்டினாலும், கூட்டியபின் போட்டாலும் விடை ஒன்றுதான். கம்ப்ரஸர், லிமிட்டர் (உச்சத்தை ஒரு வரம்பில் தடுப்பது), சாச்சுரேஷன் (அலையை லேசாகச் சிதைத்து நிறம் சேர்ப்பது), டைனமிக் ஈக்யூ எதற்கும் இது பொருந்தாது.

உங்களிடம் வந்து சேர்ந்ததையும் எழுதுங்கள்.

ஹெட்ரூம்

எக்ஸ்போர்ட் என்றால் மாஸ்டர் காலி. வேறு பேச்சே வேண்டாம். லிமிட்டரில் 6 டிபி நசுக்கி, உச்சமெல்லாம் தட்டையாகி, பார்க்கச் செங்கல் மாதிரி ஒரு பைல் கைக்கு வந்தது. ஸ்னேர் அடி விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொடக்க முனையே இல்லை. போன ட்ரான்ஸியன்ட்டை (அடியின் அந்தக் கூர்மையான தொடக்கத்தை) எந்த மாஸ்டரிங்கும் திருப்பித் தராது. எல்லா இன்சர்ட்டையும் (சேனலில் போட்ட பிளகின்களை) பைபாஸ் செய்யுங்கள், பீக் -6 டிபிக்குள் வையுங்கள், அனுப்புங்கள்.

மிக்ஸ்மேசை

ஹெட்ரூம் அண்ணா, லிமிட்டர் விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு. "எல்லாவற்றையும் பைபாஸ்" என்பதில் இல்லை.

முதல் நாளிலிருந்தே பஸ் கம்ப்ரஸருக்குள் மிக்ஸ் செய்திருந்தால், ஒவ்வொரு ஃபேடரும் அந்தக் கம்ப்ரஸரைக் கேட்டுத்தான் அந்த இடத்தில் நிற்கிறது. 2:1, அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் ஆட்டோ, முள் 1 அல்லது 2 டிபிதான் ஆடுகிறது என்றாலும், கடைசி நிமிடத்தில் அதை எடுத்தால் கிக் துருத்திக்கொண்டு நிற்கும், குரலும் இசையும் ஒட்டாமல் போகும். அப்படிக் கழற்றி அனுப்பிய மிக்ஸ் ஒன்றும் வந்திருக்கிறது. கம்ப்ரஸரோடு எடுத்த அதன் மாதிரி பைலில் பாட்டு மூச்சு விடுகிறது, அனுப்பிய பைலில் அதே பாட்டு சிதறிக் கிடக்கிறது.

சமநிலையை உருவாக்கியது எதுவோ அது இருக்கட்டும், சத்தத்தைக் கூட்ட மட்டும் வைத்தது போகட்டும். ஈக்யூ, கம்ப்ரஸர், டேப் சாச்சுரேஷன் இவை முதல் வகை. லிமிட்டர், கிளிப்பர், மேக்ஸிமைசர் இரண்டாம் வகை. லிமிட்டர் உள்ள பைல் ஒன்றைத் தனியாக "மாதிரி" என்று பெயரிட்டுக் கூடவே அனுப்பினால், பாடியவரும் தயாரிப்பாளரும் இதுவரை எதைக் கேட்டுப் பழகினார்கள் என்று மாஸ்டரிங் செய்பவருக்குத் தெரியும்.

-6 டிபி என்பதும் கட்டாயம் இல்லை. 32 பிட் ஃப்ளோட்டில் எழுதினால் 0 டிபியைத் தாண்டிய அலையும் பைலில் முழுசாக இருக்கும், அங்கே போய் இறக்கிக்கொள்ளலாம். 24 பிட்டில் எழுதினால்தான் 0க்கு மேல் வெட்டுப்படும். அளவு கூடிவிட்டதென்று எல்லா ட்ராக் ஃபேடரையும் சேர்த்து இறக்காதீர்கள். கம்ப்ரஸருக்குள் போகும் அளவு குறைந்து அது வேலை செய்வதையே நிறுத்திவிடும். மாஸ்டரின் கடைசி இன்சர்ட்டில் ஒரு கெயின் பிளகின் வைத்து அங்கே இறக்குங்கள்.

அலைவரி

எங்களிடம் வந்தது வேறு கதை. மிக்ஸ் முழுக்க 120 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், 60க்குக் கீழே ஒரு மேடு. பாஸ் கிட்டார் ஒரு சுரத்தில் மறைந்து அடுத்த சுரத்தில் திரும்பி வருகிறது. ஸ்பெக்ட்ரத்தை மாஸ்டர் பஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிட்டதும் விளங்கியது: மிக்ஸ் செய்த அறைக்கான ரூம் கரெக்ஷன் பிளகின் மாஸ்டரின் கடைசி இன்சர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையின் குறையைத் தலைகீழாகப் பாட்டிலேயே பதித்தாயிற்று.

ரீப்பரில் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று தனிச் சங்கிலி உண்டு, க்யூபேஸில் கன்ட்ரோல் ரூம் இன்சர்ட் உண்டு. இரண்டுமே ரெண்டரில் (எக்ஸ்போர்ட்டில்) சேராது. ஹெட்போன் சிமுலேஷன், ரூம் கரெக்ஷன், மோனோ பட்டன் எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத மென்பொருளென்றால் எல்லா ட்ராக்கையும் "மிக்ஸ் பஸ்" என்று ஒரு ஆக்ஸுக்கு (மாஸ்டருக்கு முந்தைய இடைச் சேனல்) அனுப்பி, எஃபெக்ட் அனைத்தையும் அதில் போடுங்கள். மாஸ்டரில் கேட்பதற்கான பிளகின் மட்டும் இருக்கட்டும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் மாஸ்டரை மொத்தமாக பைபாஸ் செய்யலாம், மிக்ஸைத் தொட வேண்டியதில்லை.

லோஎண்ட்

ஆக்ஸ் யோசனைக்கு இன்னொரு பலமும் உண்டு, யாரும் சொல்லவில்லை. ப்ரோ டூல்ஸில் மாஸ்டர் ஃபேடரின் இன்சர்ட் எல்லாம் ஃபேடருக்குப் பிறகு வரும். பாட்டின் முடிவில் மாஸ்டர் ஃபேடரில் ஃபேட் அவுட் போட்டால் சத்தம் குறையக் குறையக் கம்ப்ரஸருக்குப் போவதும் குறையும், அது பிடியை விடும். வந்த பைலில் கடைசி பத்து விநாடியில் ஹைஹாட் மட்டும் திடீரென்று விரிந்து கேட்டது இதனால்தான்.

லாஜிக், ரீப்பரில் ஃபேடர் இன்சர்ட்டுக்குப் பின்னால் இருப்பதால் ஃபேட் சுத்தமாக வரும். ஆனால் அங்கே வேறு சிக்கல்: லிமிட்டர் சீலிங் (உச்ச வரம்பு) -1 டிபியில் நிற்க, ஃபேடரை 1.5 டிபி ஏற்றினால் சீலிங் போச்சு. டிதரை (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) இன்சர்ட்டில் போட்டுவிட்டு ஃபேடரை அசைத்தால் டிதருக்குப் பிறகு கணக்கு மாறி, 16 பிட் ஆக்கும்போது அலையின் நுண்ணிய பகுதி மறுபடி அறுபடும். டிதர் எக்ஸ்போர்ட் பெட்டியில், ஒரே ஒரு தடவை.

தந்திவாசி

லிமிட்டர் பற்றிப் பேசுகிறீர்கள், சாம்பிள் ரேட்டைத் தொடவே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட், லிமிட்டர் சீலிங் -0.1, எக்ஸ்போர்ட் பெட்டியில் 44.1 என்று தேர்வு, 16 பிட். வந்த பைலில் பல்லவி முழுக்க 0 டிபியில் மோதி வெட்டுப்பட்டிருந்தது. அனுப்பியவர் லிமிட்டர் மீட்டரைப் படமெடுத்து அனுப்பி, -0.1ஐத் தாண்டவே இல்லை என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். சாம்பிள் ரேட் மாற்றம் மாஸ்டர் சங்கிலி முடிந்த பிறகு நடக்கிறது. மாற்றும்போது வடிகட்டி அலையை மறுபடி வரைகிறது, சாம்பிள் புள்ளிகள் வேறு இடங்களில் விழுகின்றன, லிமிட்டர் பார்க்காத உச்சங்கள் முளைக்கின்றன.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

முதல் ரெண்டர் லிமிட்டர் இல்லாமல், ப்ராஜெக்டின் அதே ரேட்டில், 32 பிட் ஃப்ளோட். அதைத் தனியாக 44.1க்கு மாற்றுங்கள். புது 44.1 செஷனில் அந்த ஸ்டீரியோ பைலை மட்டும் வைத்து லிமிட்டர் போடுங்கள், ட்ரூ பீக் (சாம்பிள் புள்ளிகளுக்கு இடையே எழும் உச்சத்தையும் பார்ப்பது) ஆன், சீலிங் -1 டிபி. பிறகு 16 பிட், டிதர். இந்த வரிசையைக் குலைக்காதீர்கள். டிதருக்குப் பிறகு எதுவும் வரக் கூடாது, லிமிட்டருக்குப் பிறகு ரேட் மாற்றம் வரக் கூடாது.

ஏன் -1? எம்பி3, ஏஏசி ஆக்கும்போது உச்சம் இன்னும் கூடும். ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ்-க்குச் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) சமப்படுத்துகிறது. ட்ரூ பீக் -1 டிபிக்குக் கீழே, பாட்டு -14ஐ விடச் சத்தமாக இருந்தால் -2க்குக் கீழே வைக்கச் சொல்கிறது. -7 எல்யூஎஃப்எஸ் வரை நசுக்கினாலும் அங்கே 7 டிபி இறக்கித்தான் ஒலிக்கும், நசுங்கியது மட்டும் மிச்சம்.

ரெண்டர் எல்லையையும் பாருங்கள். பாட்டு முடியும் பாரிலேயே நிறுத்தினால் ரிவெர்ப் வால் அறுபடும், நாலைந்து விநாடி கூட்டுங்கள். முன்னால் ஒரு பார் காலி விடுங்கள். லுக்அஹெட், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்றவற்றின் தாமதத்தைச் சில பிளகின்கள் தவறாகச் சொல்லும், அப்போது முதல் கிக்கின் நுனி பைலுக்கு வெளியே போய்விடும். லீனியர் ஃபேஸ் ஈக்யூவை மாஸ்டரில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் செங்குத்தாக வெட்டப் பயன்படுத்தாதீர்கள், கிக்குக்கு முன்னாலேயே அதன் நிழல் கேட்கும். கம்ப்ரஸரின் சைட்செயினில் (எதைக் கேட்டு இறக்குவது என்று அது பார்க்கும் வழி) 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டால் கிக் பாட்டைப் பிடித்து இழுப்பது குறையும்.

ஹெட்ரூம்

மிக்ஸ்மேசை தம்பி, 32 பிட் ஃப்ளோட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாஸ்டரில் கடைசி வாரத்தில் கொண்டுவந்து ஒட்டிய கம்ப்ரஸர்தான் வரும் பைல்களில் அதிகம். அதன் மேல் மிக்ஸ் நிற்பதில்லை. அந்த மாதிரி இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. பைபாஸ் செய்து, சத்தம் சமப்படுத்திக் கேட்டால் எந்த வகை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அலைவரி

சுருதிப்பெட்டி, உங்கள் ஸ்டெம் சிக்கலுக்கு வழி உண்டு. கம்ப்ரஸருக்கு வெளி சைட்செயின் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்ப்ரஸரை பைபாஸ் செய்து முழு மிக்ஸை ஒரு பைலாக எடுத்து, அதே செஷனில் தொடக்கப் புள்ளி மாறாமல் ஒரு ட்ராக்கில் வையுங்கள். கம்ப்ரஸருக்கு முன்னால் ஈக்யூ இருந்தால் அதுவும் இந்தப் பைலில் பதிந்திருக்க வேண்டும், அதற்குப் பின்னால் உள்ளவை வேண்டாம். அந்த ட்ராக்கின் அவுட்புட் மாஸ்டருக்குப் போகக் கூடாது, கீ பஸ்ஸுக்கு (கம்ப்ரஸர் கேட்பதற்கான தனி வழி) மட்டும். சோலோ சேஃப் போடுங்கள், வேறு ட்ராக்கை சோலோ செய்தாலும் இது மௌனமாகாது. கம்ப்ரஸரின் சைட்செயினை அந்த பஸ்ஸுக்கு மாற்றி, ஸ்டெம்களை ஒவ்வொன்றாக மாஸ்டர் வழியே எடுங்கள். இப்போது பேட் தனியாகப் போனாலும் கம்ப்ரஸர் கேட்பது முழு மிக்ஸை, கிக் விழும்போது பேடும் 3 டிபி இறங்கும்.

எக்ஸ்போர்ட் வழியிலும் கவனம் வேண்டும். ரீப்பரில் "ஸ்டெம்ஸ்" என்று தேர்ந்தால் மாஸ்டர் எஃபெக்ட் சேராது, "செலக்டட் ட்ராக்ஸ் வயா மாஸ்டர்" என்றால்தான் சேரும். லாஜிக்கில் ட்ராக்குகளை ஆடியோ பைலாக எக்ஸ்போர்ட் செய்தால் ஸ்டீரியோ அவுட்டில் உள்ள எதுவும் வராது, பவுன்ஸ், அதாவது ஸ்டீரியோ அவுட் வழியே எடுப்பதுதான் வழி. ஏபிள்டனில் ரிட்டர்ன், மாஸ்டர் எஃபெக்டைச் சேர்க்க ஒரு டிக் இருக்கிறது. லாஜிக் பவுன்ஸ் பெட்டியில் நார்மலைஸ் ஆஃப். ஆன் ஆக இருந்தால் ஒவ்வொரு ஸ்டெமும் வேறு அளவில் வரும்.

சுருதிப்பெட்டி

அலைவரி, மிக்ஸ் செய்தவரிடம் கீ முறையை அனுப்பி மறுபடி எடுக்கச் சொன்னோம். போலாரிட்டி சோதனையில் கிக் மேல் ஏறிய பேட் போய்விட்டது. இன்னும் மெல்லிய கரகரப்பு மிஞ்சுகிறது, பல்லவியின் உச்சத்தில் மட்டும். கம்ப்ரஸருக்குப் பின்னால் டேப் சாச்சுரேஷன் ஒன்று இருக்கிறதாம். அதற்குக் கீ கொடுக்க வழியில்லை, குரலும் ட்ரம்ஸும் சேர்ந்து போனால் பிறக்கும் கூடுதல் ஒலி தனித்தனியாகப் போனால் பிறக்காது. ஆகவே மாஸ்டரிங் ஸ்டீரியோ மிக்ஸில்தான். ஸ்டெம்களை டேப் ஆஃப் செய்து எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறோம், பாடகர் இல்லாத பதிப்புக்கு. அவற்றைக் கூட்டியபின் அதே டேப் பிளகினை, அதே செட்டிங்கோடு, இங்கே போட்டுக்கொள்ளலாம்.