நீச்சல் குளத்துக்குள் விளக்கு: வயரிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வீட்டு நீச்சல் குளத்தின் விளக்கு போன வாரம் அணைந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் அரை டம்ளர் தண்ணீர்! ரப்பர் வளையம் விரல் பட்டதுமே பொடிப்பொடியாக உதிர்கிறது. இத்தனை நாள் இதில்தான் குழந்தைகள் குளித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பழையது நேராக மெயின் கரண்டில் ஓடியது. இனி அது வேண்டாம். 12 வோல்ட், 36 வாட், ஐபி68 (தண்ணீருக்குள்ளேயே இருக்கத் தக்க) எல்இடி விளக்கு போடப் போகிறேன். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயினோடு நேரடித் தொடர்பில்லாமல் 12 வோல்ட் தருவது), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இரண்டும் உறுதி.

சிக்கல் வயரில்தான். பழைய வயர் குழாய்க்குள் இறுகிக்கிடக்கிறது, இழுத்தால் அசையவில்லை. வந்த எலக்ட்ரீஷியன், "விளக்குக் குழிக்குள்ளேயே ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றி சிலிக்கான் பூசிடலாம் சார்" என்கிறார். தண்ணீருக்கடியில் ஜாயிண்டா? நான் மறுத்ததும் அவருக்குக் கோபம்.

சுவரை உடைக்காமல் அந்த வயரை வெளியே எடுத்தவர்கள் உண்டா? டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தால் விளக்கு வரை 25 மீட்டர். 3 ஆம்பியருக்கு 1.5 சதுர மி.மீ. வயரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும், 4 சதுர மி.மீ. போட்டால் போதுமா? அப்புறம், ஸ்டீல் ஏணியையும் கைப்பிடியையும் எர்த் பாண்டிங்கில் (உலோகப் பாகங்களை வயரால் ஒன்றாக இணைத்து எர்த்தோடு சேர்ப்பது) சேர்த்தவர்கள், இணைப்பை எந்த இடத்தில் கொடுத்தீர்கள்? போட்டோ இருந்தால் போடுங்கள்.

வேலை முடியும்வரை குளத்தில் யாரும் இறங்கப்போவதில்லை.