கோத்தகிரியில் சமுதாயக் கல்லூரிக் கிளை: பிளஸ் டூ முடித்த பெண்ணைச் சேர்க்கலாமா?

கீழ்க்கோத்தகிரி மாமா:
அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, இந்த வருடம் பிளஸ் டூ முடிச்சிருக்கா, காமர்ஸ் குரூப். நாலு பாடத்தில் 400-க்கு 271. கோத்தகிரி பஜார் பக்கம் மாடியில் ஒரு சமுதாயக் கல்லூரியின் கிளை இருக்கு. ஹோட்டல் மேனேஜ்மென்ட், நர்சிங் அசிஸ்டென்ட், கம்ப்யூட்டர், மழலையர் ஆசிரியர் பயிற்சி எல்லாம் ஒரு வருட டிப்ளமோ. கட்டணம் 22,000, ரெண்டு தவணை. அடுத்த வாரமே டி.சி.யோடு வந்தால் சீட் உறுதி, முடிச்சால் நேராக டிகிரி ரெண்டாம் வருஷம் சேரலாம் என்கிறார்கள். அவளுக்கு ஹோட்டல் கோர்ஸ் மேல் ஆசை. ஊட்டி அரசுக் கல்லூரிக்குத் தினமும் போய் வர வேண்டாமே என்று வீட்டில் நினைக்கிறார்கள். சேர்க்கலாமா? உள்ளே என்ன சொல்லித் தருவார்கள்?

தொட்டபெட்டா பிரிவு:
முதல்ல டி.சி.யை யாரிடமும் கொடுக்காதீங்க. பள்ளியில் ஒரிஜினல் டி.சி. ஒரு தடவைதான் தருவாங்க. இந்த மாதிரிக் கிளைகள் மே மாதமே சேர்க்கையை முடிக்கப் பார்ப்பதே அரசுக் கல்லூரி ராங்க் லிஸ்ட் வருவதற்குள் டி.சி.யை வாங்கி வைத்துக்கொள்ளத்தான். பிறகு கலந்தாய்வுக்குக் கூப்பிடும்போது டி.சி. அங்கே மாட்டிக்கிட்டு, "முழு ஃபீஸ் கட்டினால்தான் திருப்பித் தருவோம்" என்ற பேச்சு வரும். சேர்க்கை ரத்தானால் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் விதி போட்டிருக்கு. ஆனால் அது பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும்தான். மாடியில் நடக்கும் கிளை எதோடும் இணையவில்லை என்றால் அந்த விதியைக் காட்டிப் பேச முடியாது. ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க.

அடுத்தது, சான்றிதழில் யார் பெயர் அச்சாகி வரும்? மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான். சமுதாயக் கல்லூரி என்ற ஒரே போர்டுக்குள் மூணு நாலு வகை இருக்கு.

யுஜிசி திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கல்லூரிக்குள் நடப்பது ஒன்று. அதில் ஒரு வருட டிப்ளமோ என்றால் 60 கிரெடிட்: 36 தொழில் பயிற்சி, 24 பொதுப்பாடம். அதை வைத்து ரெண்டாம் வருடம் சேரலாம் என்பது உண்மைதான், ஆனால் அதே துறையில் பி.வொக். என்ற தொழில்சார் டிகிரி படிப்புக்கு. பி.காம்., பி.ஏ. ரெண்டாம் வருடத்துக்கு இல்லை. உங்களிடம் சொன்னவர் இந்தப் பாதியை விழுங்கிட்டார்.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த சமுதாயக் கல்லூரி ரெண்டாவது வகை. தேர்வு நடத்துவதும் சான்றிதழ் தருவதும் அந்தப் பல்கலைக்கழகம். அங்கீகாரம் குறிப்பிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட கோர்ஸுக்கும்தான். மேட்டுப்பாளையத்தில் தாய் நிறுவனத்துக்கு இருக்கும் கடிதத்தைக் கோத்தகிரிக் கிளையில் ஃபிரேம் போட்டு மாட்டினால் செல்லாது. கடிதத்தில் முகவரியையும் கோர்ஸ் பெயரையும் படிங்க.

மூணாவது வகை, ஏதோ ஒரு "கவுன்சில்" தரும் சான்றிதழ். வேலை கத்துக்க உதவலாம். அதுக்கு மேல் அது வெறும் காகிதம்.

மிளிதேன் சங்கரி:
பணக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம்ங்க. பாப்பா 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை உண்டு. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தாலும் கிடையாது, ஏன்னா பெயர் யூமிஸ் என்ற அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் கல்லூரி வழியாகத்தான் ஏறணும். ஆகவே கிளையில் "உங்களுக்கு யூமிஸ் லாகின் இருக்கா?" என்று கேளுங்க. முழிச்சாங்கன்னா விஷயம் முடிஞ்சது. மூணு வருட டிகிரிக்கு வரும் உதவியையும் அங்கே கட்டும் 22,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்கு டியூஷன் ஃபீஸும் இல்லை.

அந்த 1,000 வராமல் போவதற்கு இங்கே வழக்கமாக ரெண்டு காரணம். பள்ளி மாணவர் பதிவுத் தளமான எமிஸில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது, இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலே போதும். இன்னொன்று, வங்கிக் கணக்கில் ஆதார் நம்பர் கொடுத்திருப்பாங்க, ஆனால் சீடிங், அதாவது அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு நேராக வரும்படி (டிபிடி) ஆதாரை இணைப்பது, ஆகியிருக்காது. ரெண்டும் வேற வேற. பாங்கில் போய் "டிபிடி வரணும், ஆதார் சீடிங் பண்ணுங்க" என்றே சொல்லணும். ரெண்டு கணக்கு இருந்தால் கடைசியாக சீடிங் ஆன கணக்குக்குத்தான் பணம் போகும். தபால் ஆபீஸ் பேமென்ட் பாங்க் கணக்கே போதும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இப்பவே இ-சேவையில் போட்டுடுங்க, ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். பழங்குடியினர் என்றால் சான்றிதழ் தாசில்தார் கையெழுத்தில் வராது, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை உண்டு, நாளாகும்.

விடுதி வேணும்னா, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. தூரம் இருக்கணும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மலைப்பகுதி விடுதிகளில் கம்பளி மேலாடையும் தருவாங்க. ஆனால் அதை மட்டும் நம்பி டிசம்பரில் ஊட்டியில் இருக்க முடியாது, வீட்டிலிருந்து நல்ல ரஜாய் ஒன்று கொடுத்து விடுங்க.

கீழ்க்கோத்தகிரி மாமா:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். "அரசுப் பதிவு பெற்றது" என்று போட்டு ஒரு டிரஸ்ட் பதிவு எண், ஐ.எஸ்.ஓ. முத்திரை, எம்.எஸ்.எம்.இ. எண் இருக்கு. கவுன்சில் பெயர் ஒன்று டெல்லி முகவரியோடு இருக்கு. பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. யூமிஸ் பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

தொட்டபெட்டா பிரிவு:
அப்போ மூணாவது வகைதான். டிரஸ்ட் பதிவு சார்பதிவாளர் ஆபீஸில் யார் வேணும்னாலும் செய்யலாம், எம்.எஸ்.எம்.இ. எண் என்பது சிறுதொழில் பதிவு, மளிகைக் கடைக்கும் கிடைக்கும். இவை எதுவும் படிப்புக்கான அங்கீகாரம் இல்லை.

அதிலும் நர்சிங் அசிஸ்டென்ட் பக்கம் போகவே வேண்டாம். ஏ.என்.எம். ரெண்டு வருடம், ஜி.என்.எம். மூணு வருடம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். இவை முடித்தால்தான் நர்சிங் கவுன்சிலில் பதிவு. ஒரு வருடக் கோர்ஸ் முடித்தவர் நோயாளிக்கு உதவியாளராக இருக்கலாம், நர்ஸ் ஆக முடியாது. மழலையர் பயிற்சியும் தனியார் நர்சரிக்கு மட்டும்தான்.

பேக்கரி அடுப்பு:
ஹோட்டல் கோர்ஸ் ஆசையை அப்படியே தள்ளிடாதீங்க மாமா. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் ரூம் போடும் இடங்களுக்குப் பயிற்சி எடுத்த ஆள் எப்பவும் வேணும். ஆனால் பயிற்சி நல்லதா என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே போய்ப் பார்க்கணும்.

ஹவுஸ்கீப்பிங் லேப் என்று ஒரு அறை காட்டுவாங்க. அங்கே முழு அளவு கட்டிலும் மெத்தையும் இருக்கா, ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை தடவை கை வைக்கக் கிடைக்கும் என்று கேளுங்க. படுக்கை விரிப்பதில் மூலை மடிப்புதான் பாடம். கால்பக்கம் விரிப்பை முதலில் மெத்தைக்கு அடியில் செருகி, பக்கத்தில் தொங்கும் துணியை மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளித் தூக்கி மெத்தை மேல் முக்கோணமாக மடக்கி, கீழே தொங்குவதைச் செருகி, பிறகு முக்கோணத்தை இறக்கி அதையும் செருகணும். 45 டிகிரியில் கோடு நறுக்கென்று நிற்கணும். இதை நாற்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் யாருக்கும் வராது. நம்ம ஊருக்கு இன்னொரு பாடம் கூடுதல்: மழைக்காலத்தில் பூஞ்சை வாசம். அலமாரிக் கதவைத் திறந்து வைப்பது, கம்பளிகளை முறைவைத்து வெயிலில் போடுவது, பாத்ரூம் தரையைக் கடைசியாகத் துடைத்து ஈரமில்லாமல் மூடுவது. சமவெளிப் புத்தகத்தை வைத்துப் பாடம் எடுப்பவர் இதைத் தொடவே மாட்டார்.

சமையல் லேபிலும் அதே கதை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் கிட்டத்தட்ட 92, 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். கோத்தகிரியில் 94 பக்கம். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் புத்தகத்தில் போட்ட நேரத்தில் வேகாது, தண்ணீரும் கூடுதலாக வைக்கணும். பிரஷர் குக்கர் இல்லாமல் ராஜ்மாவில் கை வைக்கக் கூடாது. கேக்கில் பேக்கிங் பவுடரை அப்படியே போட்டால் வேகமாக எழும்பி நடுவில் குழி விழும், காற்றழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் குறைக்கணும். பிரெட் மாவு மட்டும் எதிர்ப்பக்கம்: குளிரில் ஈஸ்ட் தூங்கும், அடுப்புப் பக்கத்தில் மூடி வைத்தால்தான் பொங்கும். கண்காட்சிக்கு வைத்த பேக்கிங் ஓவன் மேல் தூசி இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்க, மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

நேரடிப் பயிற்சிதான் ரொம்ப முக்கியம். ஏப்ரல், மே சீசனில் ஹோட்டலுக்கு அனுப்புவாங்க. கூட்டம் நெரியும் நேரம் என்பதால் பிள்ளைகளைப் பாத்திரம் கழுவவே விட்டு வைக்கும் இடங்கள் உண்டு. எந்தப் பிரிவில் எத்தனை நாள் என்று முன்கூட்டியே கடிதத்தில் இருக்கணும். ராத்திரி ஷிஃப்ட் என்றால் வீட்டுக்கு வண்டி விடுவாங்களா என்று எழுதி வாங்குங்க, கடைசி பஸ் போனபின் கீழ்க்கோத்தகிரிக்கு வேறு வழியில்லை. செய்த வேலையை எழுதி வைக்கும் லாக் புக்கில் வாரம் தவறாமல் கையெழுத்து வாங்கணும். சீசன் முடிந்ததும் சூப்பர்வைசர் மாறிடுவார், அப்புறம் யாரும் போட மாட்டாங்க.

கட்டபெட்டு:
ஊட்டி போய்வரும் பயத்துக்கு ஒரு வார்த்தை. 2024 முதல் மலைப்பகுதிச் சாதாரண பஸ்களிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூட்டமும் நேரமும்தான் பிரச்சினை. இங்கே ரெண்டு மழைக்காலம் இருக்கு என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துடுவாங்க. ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் தூறல்தான். நம்ம பக்கம் மண் சரிவது அக்டோபர் கடைசியிலிருந்து, சரியாக நவம்பர் செமஸ்டர் தேர்வு நேரத்தில். தேர்வு நாட்களில் ஒரு பஸ் முன்னாடியே ஏறச் சொல்லுங்க. கலெக்டர் விடுமுறை சில நேரம் தாலுகா வாரியாக வரும், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா என்று முழுசாகப் படிக்கணும். ஏப்ரல் தேர்வில் மழை இல்லை, டூரிஸ்ட் வண்டி வரிசைதான் தொல்லை, தொட்டபெட்டா பிரிவில் நின்னால் நின்னதுதான்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். பஸ் வரலை என்பதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

கீழ்க்கோத்தகிரி மாமா:
271-க்கு ஊட்டியில் பி.காம். கிடைக்குமா? ஹோட்டல் படிப்பையும் விட மனசில்லை அவளுக்கு.

மிளிதேன் சங்கரி:
கிடைக்குமா என்பது அந்த வருட ராங்க் லிஸ்ட்டைப் பொறுத்ததுங்க. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டி.என்.காசா தளத்தில் விண்ணப்பம் போடுங்க, கட்டணம் 48, பதிவுக்கு 2, மொத்தம் 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய் மட்டும். பி.காம். ராங்க் இந்த 400-ஐ வைத்துத்தான். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கும், பி.ஏ. இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் மார்க்கும் தனியாகப் பார்ப்பாங்க, அதில் நல்ல மார்க் இருந்தால் அதையும் தேர்வில் சேருங்க. முதல் சுற்றில் பெயர் வரலைன்னு ஓய்ந்துடாதீங்க. இன்ஜினியரிங், நர்சிங் சீட் கிடைத்தவர்கள் விலகும்போது இடம் காலியாகும்.

தொட்டபெட்டா பிரிவு:
ரெண்டையும் விட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ரெண்டு படிப்புக்கு யுஜிசி 2022-ல் அனுமதி கொடுத்தாச்சு. நேரடி வகுப்பாக டிகிரியும், தொலைநிலையில் இன்னொன்றும் படிக்கலாம். ரெண்டும் அங்கீகாரம் உள்ளதாக இருக்கணும். பி.காம். சேர்ந்து முதல் செமஸ்டர் பழகட்டும். பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த மையம் எதிலாவது சனி, ஞாயிறு வகுப்போடு ஹோட்டல் டிப்ளமோ இருக்கான்னு மண்டல மையத்தில் விசாரிங்க. அப்போ டி.சி. கல்லூரியில் இருக்கும். மையத்தில் டி.சி. கேட்டால், அதுக்குப் பதில் போனஃபைடு (இங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் சான்றிதழ்) கொடுத்தால் ஏற்பாங்களான்னு சேர்வதற்கு முன்னாடியே கேட்டுக்கணும். பஜார் கிளைக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதில் என்ன தலைப்பில் வாங்கியிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லுங்க. "நன்கொடை" என்று போட்டிருந்தால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

கீழ்க்கோத்தகிரி மாமா:
500 ரூபாய் விண்ணப்பத்துக்கு மட்டும்தான் கொடுத்திருக்கோம். டி.சி. வீட்டில்தான் இருக்கு. நாளைக்கே இ-சேவைக்குப் போறோம்.