டிஸ்க் விளிம்பில் பிசிறு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சார்லட்வாசி:

டிஸ்கைக் கூடையை நோக்கி எறியும் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். போன வாரம் ஹார்னெட்ஸ் நெஸ்ட் மைதானத்துப் போட்டியில் நடந்தது இன்னும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். புது டிரைவர், அதாவது தூரம் எறியும் டிஸ்க். டிஸ்க் வார்த்த மேல் அச்சும் கீழ் அச்சும் சேரும் கோடு முழுக்கப் பிசிறு, கசிந்து துருத்தி நிற்கும் பிளாஸ்டிக். முந்தின நாள் இரவே 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து, சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் ஓட்டி எடுத்துவிட்டேன். நாம் எல்லாரும் செய்வதுதானே.

மறுநாள் டீ பேடில் (முதல் எறி எறியும் இடத்தில்) அதைக் கையில் எடுத்ததும், என் கார்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) இருந்த ஒரு பெரியவர் "கொடு, பார்க்கிறேன்" என்றார். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து, மெதுவாக, ஒரு முழுச் சுற்று ஓட்டினார். நகம் எங்கும் மாட்டவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமே. "தேய்த்தாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் செல்லாத டிஸ்க். எறிந்தால் 2 த்ரோ பெனால்டி."

மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது வாய் திறக்கவேண்டாமா? போனில் டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி 813.01-ஐ எடுத்துக் காட்டினேன். பறக்கும் தன்மை மாறும்படி டிஸ்கை மாற்றினால் செல்லாது. ஆனால் ஆடி ஆடித் தேய்ந்ததற்கும், அச்சுக் குறைகளையும் கீறல்களையும் சமப்படுத்த மிதமாகத் தேய்த்ததற்கும் விலக்கு உண்டு. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் போனைப் பார்க்கவே இல்லை. டிஸ்கைத் திருப்பிக் கொடுத்து, "உன் மனசாட்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆட்டம் முடிந்ததும் போட்டி டைரக்டர் டிஸ்கை வாங்கிப் பார்த்து, ஒன்றும் தப்பில்லை என்றார். ஆனால் அந்த ஒரு வார்த்தை போகமாட்டேன் என்கிறது. உங்களில் யாரையாவது இப்படி ஏமாற்றுக்காரனாகப் பார்த்திருக்கிறார்களா?

பனிக்காட்டான்:

அண்ணா, பின்லாந்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. இங்கே எனக்கு வந்த பிரச்சினை வேறு. ஐரோப்பிய ஓபன் போட்டி நடந்த தி பீஸ்ட் மைதானம் இருக்கிறதே, அது இருக்கும் நோக்கியாவுக்கு அடுத்த ஊர் டாம்பரேயில் இருக்கிறேன். நவம்பர் மாதம், பூஜ்யத்தை ஒட்டிய குளிர். கடினமான பிளாஸ்டிக் அந்தக் குளிரில் இன்னும் கெட்டியாகிவிடும். பிசிறு ரிம்மின் (விளிம்பு வளையத்தின்) அடி ஓரத்தில், உள்பக்கமாக. ஆள்காட்டி விரல் சதை அழுந்துகிற அதே இடம்.

வேகமாக ஒரு பேக்ஹேண்ட் எறிந்தேன், கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து. விரல் மரத்துப்போயிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் போய் விழுந்த இடத்தில் நண்பர் குனிந்து எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் டிஸ்க். அடிப்பக்கம் விரல் இருந்த இடத்திலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாக ரத்தம். அப்புறம்தான் கையைப் பார்த்தேன், விரல் நுனி நேர்கோடாகப் பிளந்திருந்தது. காயம் ஆற நாளாயிற்று. இன்றைக்கும் கடையில் டிஸ்க் வாங்கினால் என் விரல் முதலில் போவது அடி ஓரத்துக்குத்தான்.

ஆஸ்டின் வெயில்:

என் கதை சின்னது. ஒரு போட்டியில் பக்கத்து கார்டுப் பையன் லைட்டர் நெருப்பில் பிசிறை வாட்டினான். பிளாஸ்டிக் சுருண்டு விளிம்பில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அவன் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. அவனுக்கு இருந்த ஒரே டிரைவர் அது.

அதனால் சொல்கிறேன், சார்லட் நண்பரே, எடுத்ததும் உப்புத்தாளுக்குப் போகாதீர்கள். முதலில் பிசிறு எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். கண்ணை நம்பாதீர்கள், விரலையும் முழுதாக நம்பாதீர்கள். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து விளிம்பைச் சுற்றி லேசாக ஓட்டுங்கள். இழை எங்கே மாட்டி நிற்கிறதோ அங்கே மட்டும் மார்க்கரால் சின்னப் புள்ளி வையுங்கள். பெரும்பாலும் முழுச் சுற்றுக்கும் வேலை இருக்காது. நீளமாகத் தொங்கும் பிசிறு என்றால் பிளேடைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, அறுக்காமல், சுரண்டுங்கள். சாய்த்தால் பிளேடு உள்ளே இறங்கிவிடும். மிச்சத்துக்குத்தான் உப்புத்தாள். 400 கூட எனக்குக் கரடு, 600-இல் ஆரம்பித்து 1000-இல் முடிப்பேன். தண்ணீர் கட்டாயம். ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்கை உலர்ந்த தாளில் தேய்த்தால் சூடாகி உருண்டை உருண்டையாகத் திரளும், அதை எடுக்க இன்னொரு வேலை. தண்ணீர் இருந்தால் தூசியும் மூக்கில் ஏறாது. விலை குறைந்த பேஸ் பிளாஸ்டிக்குக்கு இது எதுவுமே வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும், அதுவும் இல்லையென்றால் மரத்தில் கொஞ்சம் அடிபட்டால் தானாகப் போய்விடும். கோட்டோடு சமமானதும் நிறுத்துங்கள். கோட்டையே கரைக்க ஆரம்பித்தால் அது பிசிறு எடுப்பது இல்லை, டிஸ்கை மாற்றுவது.

டாம்பரே தம்பி, குளிரில் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டு எறிந்து பாருங்கள்.

அச்சுப்பட்டறை:

ஓசூரில் அச்சு வேலை கற்று, இப்போது மிச்சிகனில் கார் பாகங்கள் வார்க்கும் ஆலையில் இருக்கிறேன். எறிவதில் நான் சுமார்தான், ஆனால் பிசிறைப் பார்த்தால் விடமாட்டேன்.

ஒரு கடையில் ஒரே மாதிரி டிஸ்க் ஒரு அடுக்கு இருந்தது. ஒன்றில் பிசிறு தட்டுப்பட்டது. அடுத்ததிலும். மேலே ஒட்டும் படலப் படம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோணத்தில் திரும்பியிருக்கும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அடியில் புடைத்திருக்கும் எழுத்து அச்சிலேயே வெட்டியது, நகராது. எல்லா டிஸ்கையும் கவிழ்த்து, அந்த எழுத்து ஒரே பக்கம் பார்க்கும்படி மேசையில் வரிசையாக வைத்தேன். அத்தனையிலும் பிசிறு அதே இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு. அச்சின் முகத்தில் அங்கே அடிபட்டிருக்கிறது! கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இத்தனை நாளும் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறை என்று நினைத்தேன்" என்றார். தயாரிப்பாளருக்கு அவர் எழுதினாரா, தெரியாது. அந்த அச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்குமோ என்றுதான் எனக்கு உறுத்தல்.

இடம் மாறி மாறி வந்தால் காரணம் வேறு. இரண்டு பாதியையும் அழுத்திப் பிடிக்கும் விசை போதவில்லை, அல்லது உருகிய பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடாக, இளகலாக இருக்கிறது, அல்லது திணிக்கும் அழுத்தம் அதிகம். எப்படியானாலும் அது ஆலை விட்ட குறை. சார்லட் நண்பரின் பெரியவருக்கு யாராவது இதைச் சொல்லவேண்டும். விளிம்பின் வளைவு ஆரம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று பிடிஜிஏ தரம் சொல்கிறது. கூரான விளிம்பு யார் மேலாவது பட்டால் என்ன ஆகும் என்ற கவலைதான் அது. பிசிறை எடுப்பவர் டிஸ்கை அந்தத் தரத்துக்குக் கொண்டுவருகிறார், தரத்தை மீறவில்லை.

ஆஸ்டின் நண்பர் சொன்ன பஞ்சு நல்ல யோசனை. பிளேடு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆலையில் பிசிறு வெட்டுகிறவர்களுக்கே கை வழுக்கும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதை எழுதாதீர்கள்.

பசதீனா கூடை:

பெரியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, சொன்னால் கோபப்படாதீர்கள்.

நான் ஆடுவது ஓக் குரோவில். 1975-இல் போட்ட மைதானம், உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு நாள், அறிமுகமே இல்லாத ஒருவர் என் டிரைவரைக் கையில் வாங்கினார். "ஐயோ, இவ்வளவு பிசிறா" என்று பேசிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரக் சரக்கென்று சுரண்டினார், பச்சைச் சுருள்கள் என் ஷூ மேல் விழுந்தன. "வேண்டாம், வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அரைச் சுற்று போய்விட்டது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார், நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி.

அந்த டிஸ்க் வலது கை பேக்ஹேண்டில் நேராகப் போய்க் கடைசியில் இடப்பக்கம் வந்து உட்காரும். எந்த மரத்தைச் சுற்றி எப்படி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுரண்டிய பிறகு வலப்பக்கம் திரும்பி அப்படியே போகிறது, இடப்பக்கம் வருவதே இல்லை. அவர் எடுத்தது பிசிறு மட்டும் இல்லை, கோட்டையும் சேர்த்துத்தான். அது மிதமாகத் தேய்த்ததா? நகம் மாட்டாத விளிம்பைப் பார்த்தால் எனக்கும் இப்போது சந்தேகம் வருகிறது. விதி உங்கள் பக்கம்தான், சார்லட் அண்ணா. ஆனால் எவ்வளவு எடுத்தார்கள் என்று விளிம்பைத் தொட்டுப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆஸ்டின் வெயில்:

கேட்காமல் அடுத்தவர் டிஸ்கில் கத்தி வைப்பது அநியாயம், சகோதரி. அதே அச்சில் புதுசு ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளிம்பில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சந்தேகம் கேட்கிறவர்களுக்கும் அதுதான் பதில். பட்டறை நண்பருக்கு: பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் வழுக்காது, நான் சொன்னதை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

அச்சுப்பட்டறை:

பசதீனா சகோதரி, கோட்டுக்கு மேலே சுரண்டினாரா, கீழேயா என்று விரலால் பாருங்கள். மேல்பக்கம் போயிருந்தால் மூக்கு (விளிம்பின் வெளி முனை) தாழ்ந்திருக்கும், நீங்கள் சொல்லும் வலப்பக்கத் திருப்பம் அதனால்தான். அரைச் சுற்றுதான் சுரண்டினார் என்றால் விளிம்பு இரண்டு பாதியும் இரண்டு மாதிரி இருக்கும். மிச்சப் பாதியைச் சமப்படுத்துகிறேன் என்று நீங்களும் தேய்த்துவிடாதீர்கள், இன்னும் திரும்பும். போட்டிக்கும் அதை எடுத்துப்போக வேண்டாம், பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.