ஹிமாலயன் 450, என் உயரம் 161 செ.மீ. – நிற்கும்போது மட்டும் சாயுது, லோயரிங் லிங்க் போடலாமா?

அரியாங்குப்பம் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. என் உயரம் 161 செ.மீ., எடை 60 கிலோ. ஓடும்போது ஒரு குறையும் இல்லை, ஈ.சி.ஆரில் நிம்மதியா போகுது. நிற்கிற இடத்தில்தான் சிக்கல். இதுவரை மூணு தடவை சாஞ்சிருக்கு. கடலூர் ரோடு ரயில்வே கேட்டில் இடது ஓரமா நிறுத்தி இடது காலை ஊன்றினப்ப இடது பக்கம். தெருவில் யூ-டர்ன் எடுக்கும்போது எதிரே ஆட்டோ வர, முன் பிரேக் பிடிச்சப்ப வலது பக்கம். வாசல் சரிவில் இருந்து பின்னோக்கி இறக்கும்போது ஒரு தடவை. ரெண்டு காலும் விரல் நுனிதான் எட்டுது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பின்னால 30 மி.மீ. இறக்குற லிங்க் (பின் சஸ்பென்ஷனோட இணைப்புத் துண்டு) போட்டா தீர்ந்துடும், அரை நாள் வேலைன்னு சொல்றாங்க. போடலாமா?

வில்லியனூர் ரைடர்:
லிங்க் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க தம்பி. மூணு தடவையும் காரணம் வேற வேற. உயரம் சம்பந்தப்பட்டது முதல் ஒண்ணு மட்டும்தான், அதுவும் பாதிதான்.

கேட் விஷயம். மழைத் தண்ணி வடியணும்னு ரோட்டை நடுவில் மேடாவும் ஓரத்தில் சரிவாவும் போடுறாங்க. இடது ஓரம் போய் நின்னா டயர் இருக்கிற இடத்தைவிட உங்க கால் ஊன்றுற இடம் தாழ்வு. தார் முடிஞ்சு மண் தொடங்குற விளிம்பு கிடைச்சா இன்னும் நாலஞ்சு செ.மீ. கீழே போயிடும். விரல் நுனி எட்டுறவருக்கு அந்த நாலு செ.மீ. போதும் வண்டி கையை விட்டுப் போக. அதனால தார் விளிம்பில் இருந்து ஒரு மீட்டராவது உள்ளே நில்லுங்க. நிற்கிறதுக்கு முன்னாடியே கால் எங்கே விழப்போகுதுன்னு பார்த்து முடிவு பண்ணிடணும். குழி, ஜல்லி, மணல், டீசல் சொட்டு இருந்தா இன்னும் ரெண்டு அடி உருட்டி நில்லுங்க. ஓரத்தை விட்டு வேற வழியே இல்லைன்னா, ஹேண்டிலை நேரா வச்சு முன் பிரேக்கில் நிறுத்தி, மேட்டுப் பக்கமான வலது காலை ஊன்றுங்க.

யூ-டர்ன். இதுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆறடி ஆளும் இப்படித்தான் விழுவார். ஹேண்டில் வலது பக்கம் திரும்பி இருக்கும்போது முன் பிரேக் பிடிச்சா முன் சக்கரம் அங்கேயே நின்னுடும், பின்னால இருக்கிற எடை எல்லாம் திரும்பின பக்கமே சரியும். மெதுவா திரும்பும்போது வலது கை ரெண்டு விரல்கூட பிரேக் லீவர்மேல இருக்கக் கூடாது. கிளட்ச் பாதி, ஆக்சிலரேட்டர் ஒரே அளவு, வேகத்தைக் குறைக்க பின் பிரேக் மட்டும். பார்வை முன் டயர்மேல போகாம, திரும்பி முடிச்சு எந்தப் பக்கம் போகணுமோ அங்கே இருக்கணும்.

சாய்வைப் பத்தி ஒரு கணக்கு. வண்டி 196 கிலோ. எடை மையம் தரையில் இருந்து அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலேன்னு வச்சுக்குங்க. 5 டிகிரி சாஞ்சா ஹேண்டில் உயரத்தில் பிடிச்சு நிறுத்த சுமார் 10 கிலோ விசை போதும். 20 டிகிரி ஆகிட்டா 37 கிலோ பக்கம் வேணும். அதனால விழாம இருக்கிறது கால் நீளத்தைவிட, அந்த முதல் அஞ்சு டிகிரிக்குள்ளேயே பிடிச்சிடுறதில்தான் இருக்கு. அதைத் தாண்டிட்டா பிடிச்சு இழுக்க வேணாம், விட்டுடுங்க. முதுகும் முட்டியும்தான் போகும்.

செம்மண்டலம் மெக்கானிக்:
அண்ணன் சொன்னது சரி. லிங்க் கணக்கை நான் சொல்றேன்.

பின் அச்சில் 30 மி.மீ. இறக்கினா உங்க சீட்டில் 30 இறங்காது. வண்டி முன் அச்சைச் சுத்தித்தான் சாயுது. நீங்க உட்கார்ற இடம் ரெண்டு அச்சுக்கும் நடுவில், பின்பக்கமா மூணில் ரெண்டு பங்கு தூரத்தில் இருக்கு. அதனால உங்களுக்குக் கிடைக்கிறது சுமார் 20 மி.மீ. அதே 20 மி.மீ. கம்பெனி லோ சீட்டிலேயே கிடைக்குது: சாதா சீட் கீழ் நிலையில் 825 மி.மீ., மேல் நிலையில் 845; லோ சீட் கீழ் நிலையில் 805, மேல் நிலையில் 825. சீட் மாத்தினா வண்டியோட வடிவக் கணக்கு ஒண்ணும் மாறாது. லிங்க் போட்டா ஃபோர்க் இன்னும் படுத்து ஹேண்டில் மந்தமாகும், 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும், சைடு ஸ்டாண்ட் நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிக்கும். நிமிர்ந்து நிக்கிற வண்டி காத்துக்கே வலது பக்கம் விழும்.

முதல்ல ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, சீட் இப்ப எந்த நிலையில் இருக்கு, கீழேயா மேலேயா? ரெண்டு, பின் சஸ்பென்ஷன் சேக், அதாவது நீங்க உட்கார்ந்தா பின்பக்கம் எவ்வளவு அமுங்குதுங்கிறது. அளக்கிற முறை இது: பின் அச்சுக்கு நேர் மேலே வால் பகுதியில் ஒரு டேப் துண்டு ஒட்டிக்குங்க. பின் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வச்சு அச்சில் இருந்து டேப் வரை அளங்க. அப்புறம் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டு நீங்க உட்கார, ஒருத்தர் முன்னால பிடிச்சுக்க, இன்னொருத்தர் அதே இடத்தை அளக்கணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். பின் டிராவல், அதாவது பின் சக்கரம் மேலும் கீழும் போகிற மொத்தத் தூரம், 200 மி.மீ., அதில் மூணில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய, 60 முதல் 65 வரைக்கும் வரணும்.

அரியாங்குப்பம் தம்பி:
ரொம்ப நன்றிங்க. சீட் மேல் நிலையில் இருந்திருக்கு, 845! டெலிவரி எடுத்ததில் இருந்து அப்படியே. சேக் அளந்தேன்: தூக்கி வச்சப்ப 612, உட்கார்ந்தப்ப 571. அப்ப 41 மி.மீ.தானா?

செம்மண்டலம் மெக்கானிக்:
ஆமாம், 41. உங்க எடைக்கு ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமா இருக்கு. பின்னால ஆளும் பெட்டியும் ஏத்துறவருக்கு வைக்கிற அளவு அது. ஷாக் ஸ்பிரிங்மேல இருக்கிற வளையத்தைத் தளர்த்தணும். தளர்த்துறதுக்கு முன்னாடி மரையில் உப்பும் மண்ணும் இருந்தா பிரஷ் போட்டு எடுத்து, கொஞ்சம் டபிள்யூ.டி.-40 (துரு இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு பத்து நிமிஷம் விடுங்க. நம்ம கடலோர ஊரில் மரை பிடிச்சுக்கும். சுத்தி வச்சுத் தட்டினா வளையத்தோட பல் போயிடும். கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அளந்து, அப்படியே போங்க. 60 வந்தா நிறுத்திடுங்க. அதுக்கு மேல தளர்த்தினா குழியில் அடிவாங்கும்.

ஒண்ணு கவனிங்க. சேக் 41-ல் இருந்து 60 ஆனாலும் சீட்டில் கிடைக்கிறது 12, 13 மி.மீ.தான், மேலே சொன்ன அதே காரணம். சீட்டைக் கீழ் நிலைக்கு மாத்தினா 20. ஆக ஒரு ரூபா செலவில்லாம 30 மி.மீ.க்கு மேல இறங்கிடுச்சு. லிங்க் தர்றதைவிட அதிகம்.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, உயரத்தோட சீட் அகலத்தையும் பாருங்க. 161 உயரத்துக்கு கால் பத்தாததுக்குப் பாதி காரணம் தொடையை அகலமா விரிக்க வேண்டி இருக்கிறது. நிற்கிறதுக்கு முன்னாடி இடுப்பை முன்னே நகர்த்தி, டேங்கை ஒட்டின ஒடுங்கின பகுதிக்கு வந்துடுங்க. அப்படியே இடது பக்கம் அரைச் சீட் அளவு சறுக்கினா இடது பாதம் முழுசா பதியும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். ரெண்டு காலும் நுனியில் தொடுறதைவிட ஒரு கால் முழுசா பதியுறது எவ்வளவோ உறுதி. முதல் கியருக்கு இறக்கிட்டுத்தான் நிற்கணும். நின்ன பிறகு கியர் போட கால் மாத்துற அந்த நொடியில்தான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

லோ சீட் வாங்குறதுக்குப் பதிலா இருக்கிற சீட்டைக் குஷன் கடையில் செதுக்கவும் செய்யலாம். நடுவில் குறைக்கச் சொல்லாதீங்க, முன்பக்க ரெண்டு ஓரத்தையும் செதுக்கச் சொல்லுங்க. தொடை உரசுற இடத்தை நீங்களே உட்கார்ந்து மார்க்கர் போட்டுக் காட்டுங்க. ஒரு பக்கத்துக்கு 15 மி.மீ. முதல்ல, உட்கார்ந்து பார்த்துட்டு வேணும்னா இன்னும் 5. நடுவில் அடித்தட்டுக்கு மேல 40 மி.மீ. ஃபோமாவது மிச்சம் இருக்கணும், இல்லேன்னா திண்டிவனம் போறதுக்குள்ள வலி எடுத்துடும். ஃபோம் சேர்க்கிறதா இருந்தா கட்டியான ஃபோம் கேளுங்க. மெத்தென்னு இருக்கிறது ஒரு மாசத்தில் அமுங்கிடும். கவர் தைக்கிறப்ப மேல் தையலுக்கு அடியில் தண்ணி போகாத ஷீட் வைக்கச் சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில் ஃபோம் ஊறினா வாரக்கணக்கில் காயாது.

ஷூ கனமான அடி உள்ளதா, 20, 25 மி.மீ. குதிகால் இருக்கிறதா போடுங்க. செருப்போட இந்த வண்டியை எடுக்கவே வேணாம். பாதம் வழுக்கினா உயரம் எவ்வளவு குறைச்சும் பிரயோஜனம் இல்லை.

பாகூர்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, செகண்ட் ஹேண்டா எடுத்தது, ஏற்கெனவே லிங்க் போட்டு இறக்கியிருக்கு. சைடு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட நேரா நிக்குது. சில்வர் பீச்சில் நிறுத்தினா பயமா இருக்கு. ஸ்டாண்டை எவ்வளவு வெட்டணும்?

செம்மண்டலம் மெக்கானிக்:
கண்ணால பார்த்து வெட்டக் கூடாதுங்க. சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, ரெண்டு சக்கரத்துக்கும் அடியில் 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. ஒவ்வொரு துண்டுக்கும் வண்டி இடது பக்கம் கொஞ்சம் கூடுதலா சாயும். போன்ல லெவல் ஆப் வச்சு டிஸ்க்மேல பார்த்தா 10, 12 டிகிரி வர்றப்ப நிறுத்துங்க. அப்ப எத்தனை மி.மீ. பிளைவுட் இருக்கோ, அதோட பத்தில் ஒரு பங்கு சேர்த்தா அதுதான் வெட்ட வேண்டிய நீளம். ஸ்டாண்ட் சாஞ்சு நிக்கிறதால அந்தக் கூடுதல். 18 மி.மீ. பிளைவுட் வந்தா 20 வெட்டலாம். முதல் தடவை 15 வெட்டிப் பாருங்க. குறைச்சு வெட்டினதை மறுபடி வெட்டலாம்.

ஸ்டாண்டை வண்டியில் இருந்து கழட்டிட்டுத்தான் வெல்டிங். வண்டியிலேயே ஆர்க் அடிச்சா ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்துற மின்னணுப் பெட்டி) போகலாம். வெட்டுற இடம் நடுக்குழாயில், பிவட்டும் (ஸ்டாண்ட் மடங்குற அச்சு) ஸ்பிரிங் கொக்கியும் இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளி இருக்கணும். உள்ளே 60 மி.மீ. நீளத்துக்கு ஒரு கம்பியை இறுக்கமா நுழைச்சு, சுத்தி வெல்ட் பண்ணச் சொல்லுங்க. வெறும் விளிம்பில் ஒட்டினது ஒரு நாள் பிட்டுக்கிட்டு போயிடும். கீழே இருக்கிற தட்டு தரையோட படியுற கோணத்தில் இருக்கான்னு பாருங்க, முடிஞ்சா அதை உள்ளங்கை அளவுக்குப் பெரிசா போடுங்க. அதுவும் பத்தாத மணலில் ஒரு தகரத் துண்டு, இல்லேன்னா தட்டைக் கல் வைக்கணும். இன்னொண்ணு, பிவட்டில் உப்புக்காத்தும் மணலும் சேர்ந்து இறுகி ஸ்டாண்ட் முழுசா முன்னால வராம பாதியில் நிக்கும். ஸ்டாண்ட் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சுக் கையை எடுத்ததும் வண்டி உருண்டு விழும். மாசம் ஒரு தடவை துடைச்சு கிரீஸ் வைங்க. கையை எடுக்கிறதுக்கு முன்னாடி காலால முன்னே தள்ளிப் பார்த்துக்குங்க.

அரியாங்குப்பம் தம்பி:
சீட்டைக் கீழே மாத்திட்டேன், சேக் 58-ல் வந்து நிக்குது. இடது பாதம் முன்பாதி முழுசா பதியுது, இடுப்பை நகர்த்தினா குதிகாலும் படுது. இன்னும் ரெண்டு கேள்வி. வாசல் சரிவில் இறக்குறது எப்படி? தனியா விழுந்தா தூக்குறது எப்படி?

வில்லியனூர் ரைடர்:
வாசலுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. இன்ஜினை அணைச்சுட்டு முதல் கியரில் போட்டு, இடது பக்கம் நின்னு ரெண்டு கையும் ஹேண்டிலில். இடுப்பு சீட்டோட ஒட்டி இருக்கணும், வண்டி உங்க பக்கம் ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கணும். கிளட்ச்சைப் பிடிச்சா உருளும், விட்டா நின்னுடும். ஒவ்வொரு அடியா விடுங்க. அவசரத்தில் முன் பிரேக்கைத் தேட வேண்டிய வேலையே இல்லை. அதைவிட நல்லது, ராத்திரி வண்டியைப் பின்பக்கமா ஏத்தி நிறுத்திடுறது. காலையில் முன்னோக்கி இறங்கிடலாம். மாலையில் புதுச்சேரி பீச் ரோட்டில் வண்டி விட மாட்டாங்க, பக்கத்துத் தெருவில்தான் நிறுத்துவோம்; அங்கேயும் சாக்கடை ஓரச் சரிவை நோக்கி மூக்கு வச்சு நிறுத்தாதீங்க. பின்னால இழுக்க முடியாது.

தூக்குறது: முதல்ல கில் ஸ்விட்சையும் (இன்ஜினை நிறுத்துற பட்டன்) சாவியையும் அணைச்சுடுங்க. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்குறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை விரிச்சு வச்சுடணும், இல்லேன்னா தூக்கினதும் அந்தப் பக்கம் போயிடும். கியரில் இருந்தா உருளாது. ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுசா திருப்புங்க. சீட்டுக்கு முதுகு காட்டி இடுப்பை சீட் ஓரத்தில் அழுத்தி உட்கார்ற மாதிரி இறங்குங்க. ஒரு கை கிரிப்பில், இன்னொரு கை பின் கைப்பிடியில். முதுகை வளைக்காம, காலால் சின்னச் சின்ன அடியா பின்னோக்கி நடங்க. நிமிர்ந்ததும் பெட்ரோல் கசியுதான்னு பார்த்து, சில நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

கிளட்ச், பிரேக் லீவர் கிளாம்ப் போல்ட்டுகளை ரொம்ப முறுக்காதீங்க. கையால் பலமா தட்டினா லேசா சுழலுற அளவு போதும். விழுந்தா லீவர் திரும்பிக்கும், முறியாது. கிளாம்புக்கு அடியில் பிளம்பர் டெஃப்லான் டேப் ரெண்டு சுத்து சுத்தினா அந்த அளவு சரியா வரும்.

பெட்ரோல் டேங்க் 17 லிட்டர், நிரம்பினா 12 கிலோவுக்கு மேல, அதுவும் வண்டியோட உச்சியில். பழகுற வரைக்கும் பாதி டேங்க் வைங்க. டாப் பாக்ஸில் கனமானது எதுவும் வேணாம். டூல், தண்ணி, பூட்டு எல்லாம் பக்கப் பைகளில் அடியில் போடுங்க. மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் இல்லாத காலை நேரத்தில் ரெண்டு கல்லை 6 மீட்டர் இடைவெளியில் வச்சு எட்டுப் போடுங்க. முன் பிரேக்கைத் தொடாம ரெண்டு பக்கமும் பத்துப் பத்து தடவை வந்த பிறகு இடைவெளியை 5 ஆக்குங்க.

அரியாங்குப்பம் தம்பி:
கடைசியா ஒண்ணு. பின்னால இறங்கின அளவுக்கு முன்பக்கமும் இறங்க, முன் ஃபோர்க்கையும் கிளாம்பில் ஏத்தணுமா?

செம்மண்டலம் மெக்கானிக்:
வேணாம். நீங்க மாத்தினது சேக்கும் சீட்டும்தான், ரெண்டும் வண்டி தயாரிச்சவங்க தந்த அளவுக்குள்ளதான் இருக்கு. ஃபோர்க்கைத் தொடாதீங்க.