கடைசி வாரத் தோல்வியும் காற்றில் போன ப்ளேஆஃப் கணிப்பும்: உங்கள் அனுபவம்?

கொலம்பஸ்வாசி:
அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். சீசன் முடியும் நேரத்தில் யாரோ யாரிடமோ தோற்று உங்கள் கணிப்பு கவிழ்ந்த கதை இருந்தால் சொல்லுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30. ப்ளேஆஃப், அதாவது சீசன் முடிவில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்று, நான்கு அணிகளிலிருந்து 12 அணிகளாக மாறிய முதல் வருஷம். ஆபீஸில் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு, யார் யார் உள்ளே போவார்கள், யார் சாம்பியன் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கள் ஊர் அணியான ஒஹாயோ ஸ்டேட் அப்போது ரேங்கிங்கில் இரண்டாம் இடம். எதிரே மிச்சிகன், அந்த சீசனில் 6 வெற்றி, 5 தோல்வி. ஆட்டமோ எங்கள் ஊரில். அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் அவர்களிடம் தோற்றிருந்தோம் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமே இல்லை. சாம்பியன் என்ற கட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் என்று பேனாவாலேயே எழுதியிருந்தேன்.

பக்கத்து வீட்டில்தான் ஆட்டம் பார்த்தேன். அவர் எழுபதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்து இந்த அணிதான். நான் கொண்டுபோன மசால் வடையைப் பாதி ஆட்டம் வரை ஆளாளுக்கு எடுத்தார்கள். அப்போது 10-10. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு பாயிண்ட்கூட வரவில்லை, தட்டையும் யாரும் தொடவில்லை. இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று பாயிண்ட்) தவறியது. கடைசி 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 13-10. முடிந்ததும் மைதான நடுவில் கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. பெரியவர் எதுவும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய், வாசலில் கட்டியிருந்த கொடியைக் கழற்றி மடித்து கார் டிக்கியில் வைத்தார்.

ஏற்கெனவே ஓரிகனிடம் ஒரு தோல்வி, இது இரண்டாவது. நான்கு அணி ப்ளேஆஃப் நடந்த பத்து வருஷத்தில் இரண்டு தோல்வி கண்ட எந்த அணியும் உள்ளே போனதில்லை. அந்தப் பழக்கத்தில் என் மூளை வேலை செய்தது. அணிகள் அறிவிக்கும் வரை சீட்டை மாற்றலாம் என்பதால் சாம்பியனை அடித்துவிட்டு ஓரிகன் என்று எழுதினேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எட்டாவது இடத்தில் உள்ளே போய், டென்னசியை 42-17, அதே ஓரிகனை 41-21, டெக்சாஸை 28-14, ஃபைனலில் நோட்ரடாமை 34-23. டென்னசி ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கொடி வாசலில் ஏறியிருந்தது. என் பத்து டாலர் போனது போனதுதான்.

பழைய மார்கன்டவுன்:
உங்களுக்காவது இரண்டாவது வாய்ப்பு இருந்தது தம்பி. 2007 டிசம்பர் 1 அன்று நான் மார்கன்டவுனில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ப்ளேஆஃபே கிடையாது, ரேங்கிங்கில் முதல் இரண்டு அணிகள் மட்டும் ஃபைனல் ஆடும். எங்கள் வெஸ்ட் வர்ஜீனியா இரண்டாம் இடம். எதிரே பிட்ஸ்பர்க், 4 வெற்றி, 7 தோல்வி. 28 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்றார்கள். ஃபைனல் நடக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கு என் ரூம்மேட் விமான டிக்கெட்டே எடுத்துவிட்டான், ரீஃபண்ட் கிடையாது.

எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பேட் வைட்டின் கட்டைவிரல் பிசகியது. 13-9 என்று தோற்றோம். ஜெயித்தால் தெருவில் சோபாவைக் கொளுத்துவது அந்த ஊர் வழக்கம். எதிர்வீட்டுப் பையன்கள் வாசலில் தயாராகப் போட்டு வைத்திருந்த சோபாவை, ராத்திரி நாலு பேர் சேர்ந்து திரும்ப உள்ளே தூக்கிப்போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதே ராத்திரி முதலிடத்தில் இருந்த மிசோரி ஓக்லஹோமாவிடம் 38-17 என்று தோற்றது. அந்த வாரம் ஆடவே செய்யாத ஒஹாயோ ஸ்டேட் மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்தது. ஏழில் இருந்த எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) இரண்டுக்கு வந்து, இரண்டு தோல்வியோடு சாம்பியனும் ஆனது. ஆக, உங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். இன்னும் மறக்கவில்லை!

தலஹாசி:
நாங்கள் தோற்கவே இல்லை, அதுதான் எரிச்சல். 2023, ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0. நவம்பரில் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்தது. அதற்கப்புறமும் இரண்டு பெரிய ஆட்டம் ஜெயித்தோம். ஆனால் அட்லாண்டாவில் அலபாமா, முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்தது. அலபாமாவை உள்ளே எடுத்தால், செப்டம்பரில் அவர்களை அவர்கள் மைதானத்திலேயே அடித்த டெக்சாஸை விட முடியாது. இரண்டு நாற்காலியும் போச்சு, நான்கு அணி ப்ளேஆஃபில் நாங்கள் ஐந்தாவது. எங்கள் ஆட்டம் நடக்கும்போது அட்லாண்டாவை நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை.

டல்லஸ் அக்கா:
ஐபிஎல் என்றால் நெட் ரன் ரேட்டை வைத்து நானே கணக்குப் போட்டுவிடுவேன். இங்கே பக்கத்து கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் 13 பேர் கமிட்டி உட்கார்ந்து யார் ப்ளேஆஃபுக்குள் என்று முடிவு செய்கிறது. 2024-இல் எங்கள் ஊர் பல்கலைக்கழகமான எஸ்.எம்.யூ. 31-31 என்று சமன் செய்துவிட்டு, கடைசி விநாடியில் கிளெம்சனின் 56 யார்டு ஃபீல்ட் கோலில் தோற்றது. முடிந்தது கதை, அலபாமாதான் போகும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் எஸ்.எம்.யூ. உள்ளே. இரண்டு வாரம் முன்னால் ஓக்லஹோமாவிடம் 24-3 என்று வாங்கிய அடிதான் அலபாமாவைத் தடுத்தது என்று எனக்குப் படுகிறது. சரி, எஸ்.எம்.யூ. போய் பென் ஸ்டேட்டிடம் 38-10 வாங்கியது வேறு விஷயம்.

கொலம்பஸ்வாசி:
அக்கா, நானும் அன்று அலபாமா என்றுதான் எழுதியிருந்தேன். சீட்டில் அதுவும் ஒரு கோடு!

ஷார்லட்ஸ்வில் பக்கம்:
போன வருஷக் கதை ஒன்று. 2025 டிசம்பரில் வர்ஜீனியா, ஐந்து தோல்வி கண்ட டியூக்கிடம் ஓவர்டைமில் 27-20 என்று தோற்றது. ஜெயித்திருந்தால் ப்ளேஆஃப். டியூக்கும் போக முடியவில்லை, ஏனென்றால் அப்போது லீக் (கான்ஃபரன்ஸ்) சாம்பியன்களில் ரேங்கிங்கில் மேலே இருந்த ஐந்து பேருக்குத்தான் நேரடி இடம். அந்த இடம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரத்தில் இருக்கும் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

எங்கள் ஆபீஸில் அங்கே படித்தவர் ஒருவர் இருக்கிறார். திங்கள்கிழமை காலையில் பெரிய டோனட் பெட்டியோடு வந்தார். மூடிமேல் மார்க்கரால் 'டியூக்குக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.