தீபாவளிக்குள்ள கேஸ் ஸ்டவ் மாத்தணும், யோசனை சொல்லுங்க

வணக்கம்ங்க, நாங்க சேலம் அஸ்தம்பட்டி பக்கம். வீட்ல பழைய ரெண்டு பர்னர் ஸ்டவ், ஒரு பக்கம் தீ மஞ்சளாத்தான் எரியுது, பாத்திரம் பூரா கரி, ஜெட்ட கழட்டி கிளீன் பண்ணியும் திரும்ப அதே கதை.

தீபாவளிக்கு நாத்தனார் குடும்பமும் வருது, ஒரு பக்கம் முறுக்கு சட்டி, ஒரு பக்கம் அதிரசப் பாகு, நடுவுல யாராவது காபி கேட்டா எங்க வைக்கிறது சொல்லுங்க, அதனால மூணு பர்னர்னு முடிவு பண்ணிட்டேன். நாலு பர்னர் எங்க மேடைக்கு ஆகாது, பெரிய சட்டி ரெண்டு வச்சா மீதி ரெண்டும் சும்மாதான் கிடக்கும்.

குழப்பம் என்னன்னா கிளாஸ் டாப்பா ஸ்டீலா? கடையில டஃபன்ட் கிளாஸ், ஒண்ணும் ஆகாதுங்கறாங்க, ஆனா எங்களுது நல்ல கனமான இரும்புச் சட்டி, எண்ணெயோட வச்சா தாங்குமா? துடைக்க ஈஸின்னு எல்லாரும் சொல்றதாலதான் மனசு கிளாஸ் பக்கம் போகுது.

வீட்டுக்காரர் இண்டக்‌ஷன் வாங்கலாம்ங்கறார். பாதிப் பாத்திரம் அலுமினியம், அதுல சூடே ஆகாது, சமைக்கிறது அவரா என்ன.

ஐஎஸ்ஐ முத்திரை, பித்தளை பர்னர் ரெண்டும் பார்த்துத்தான் வாங்குவேன். ஸ்டார் லேபிள் அதிகமா இருந்தா கேஸ் நிஜமாவே மிச்சமாகுதா? ஆட்டோ இக்னிஷன் எத்தனை நாள் உழைக்குது, இல்ல லைட்டரே போதுமா?

கிளாஸ் டாப் ரெண்டு மூணு வருஷமா வச்சிருக்கறவங்க சொல்லுங்கக்கா. அஞ்சு ரோடு, செவ்வாய்ப்பேட்டை பக்கம் வீட்டுக்கே வந்து சர்வீஸ் பண்ற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க, கூட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள வாங்கிடணும்.