பெரியம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறோம்: முதல் இரண்டு வாரம் எப்படிச் சமாளிப்பது?

தென்னந்தோப்பு:
பெரியம்மாவுக்கு 78 வயது. பிள்ளைகள் இல்லை. ஊர் பொள்ளாச்சிப் பக்கம். டிமென்ஷியா (மறதி நோய்) ஆரம்ப நிலை. காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் ஊசி, தைராய்டு மாத்திரை ஒன்று. கோவையில் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த திங்கள் சேர்க்க வேண்டும். "ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் செக்கப்புன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிச் சொல்வது, எதை எடுத்துப் போவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு நம்பர் 4:
மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இன்சுலின். வீட்டில் எட்டரைக்குச் சாப்பிட்டுப் பழகியிருப்பார். இல்லங்களில் பல இடத்தில் இரவுச் சாப்பாடு 7 மணிக்கே முடிந்துவிடும், மறுநாள் டிபன் 8 மணிக்கு. நடுவில் 13 மணி நேரம். புது இடத்தில் மூன்று இட்லி வைத்தால் ஒன்றரையோடு கை கழுவிவிடுவார். ஊசி மட்டும் பழைய அளவிலேயே போகும். விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, உளறி, தடுமாறுவார். "புது இடமில்லையா, மறதி ஜாஸ்தியாயிருச்சு" என்று விட்டுவிடுவார்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

திங்களுக்கு முன்பே இல்லத்தின் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு, அதை டாக்டரிடம் காட்டி அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பாதிதான் சாப்பிட்டால் ஊசி எவ்வளவு என்பதை டாக்டர் கைப்பட எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை ஷிப்ட் மாறும்போது காணாமல் போகும். முதல் வாரம் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்முன், விடியற்காலை 3 மணிக்கு ஒருதரம் விரல் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் பிஸ்கட்டோ சோறோ ஏதாவது ஒன்று. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணி நேரமாவது கழித்து. டிபனுக்குப் பிறகு எல்லா மாத்திரையையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அதில் இதுவும் சேர்ந்தால் சரியாக உடம்பில் சேராது. தனி டப்பாவில், நேரம் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

சாயங்கால விளக்கு:
ஆஸ்பத்திரி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் பையைக் கட்டிக்கொண்டு கேட்டில் நிற்பார். அந்தப் பொய்யை அங்கே வேலை செய்பவர்களும் தினமும் சொல்ல வேண்டி வரும். பிறகு நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினால் வரமாட்டார். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு விஷயம் புரியும். "பெரியம்மா, ராத்திரியும் கூட ஆளு இருக்கற எடம்ங்க. ஞாயித்துக்கிழமை காத்தால நான் வந்துருவேன்." இவ்வளவு போதும். முடிந்தால் இந்த வாரமே ஒரு மதியம் கூட்டிப்போய் அங்கேயே சாப்பிட வையுங்கள்.

சேர்க்கும் நாளில் காலை 10 மணிக்குப் போய்ச் சேருங்கள். டிமென்ஷியா உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் ஏறும். ஒருவர் முன்னாடியே போய் அறையைத் தயார் செய்யட்டும். வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு இறங்குவாரோ, அங்கேயும் அதே பக்கம் திறப்பாக இருக்கட்டும். சுவரோரம் மாறிப்போனால் நடுராத்திரி சுவரில் முட்டித் தடுமாறுவார். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். டாய்லெட் கதவைத் திறந்துவைத்து, உள்ளே விடிவிளக்கு எரியட்டும்.

அவர் போர்த்தும் பழைய போர்வையையும் தலையணையையும் துவைக்காமல் கொண்டு போங்கள், வீட்டு வாசனை இருக்கட்டும். சேலை, ஜாக்கெட், உள்பாவாடை எல்லாவற்றிலும் நூலால் பெயரைத் தையுங்கள். பேனா மை நாலு சலவைக்குத் தாங்காது. நகை தோட்டோடு நிற்கட்டும். அதையும் போட்டோ எடுத்து, இல்லத்து ரிஜிஸ்டரில் எழுத வையுங்கள்.

கிளம்புவது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது. "இவங்ககூட சாப்பிடப் போங்க" என்று ஓர் ஆயாவின் கையில் கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாசலில் நின்று மறுபடி மறுபடி விடைபெற வேண்டாம். இரண்டு வாரம் வரவே கூடாது என்று சில இடத்தில் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொன்ன நாளில், காலையில், அரை மணி நேரம் போய் வாருங்கள். போன் மதியத்துக்குள் பேசிவிடுங்கள்.

பத்திரம்:
ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்கும் கட்டணமா, நோய் முற்றினால் வைத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. பிள்ளை இல்லாதவர் என்பதால் இன்னொன்று: 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அவர் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினருக்கு, வசதி இருந்தால், பராமரிக்கும் கடமை உண்டு. பிரச்சினை என்றால் 14567, முதியோருக்கான இலவச உதவி எண்.

தென்னந்தோப்பு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னும் ஒன்று. அங்கே ஆயாக்களில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம். பெரியம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டால் என்ன சொல்வது?

வார்டு நம்பர் 4:
அவர் வழக்கமாகச் சொல்லும் இருபது வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இந்தியில் அர்த்தம் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். "வெளிய போகணும்" என்று சொல்வாரா? அது டாய்லெட்டுக்கு. தமிழ் தெரியாத ஆயா, வாசல் கேட்டுக்கு ஓடப் பார்க்கிறார் என்று நினைத்துப் பிடித்து உட்கார வைப்பார். சேலை நனையும், மறுநாளே டயப்பர் வந்துவிடும். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருதரம் கேட்காமலே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு என்று கேட்டால் வாதாட வேண்டாம். "வீட்டு நெனப்பா இருக்குதுங்களா" என்று கேட்டு, தோட்டம், மாடு என்று அவரையே பேச விடுங்கள். கேட்பது எந்நேரம் என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அநேகமாக வீட்டில் காபி குடித்த நேரமாக இருக்கும். அப்படியானால் சமையலறையில் பேசி அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர், சர்க்கரை போடாமல், கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.